30 நாளில் 38,240 சொல்: முதல் பாதியைத் தூக்கிவிடலாமா?

கேள்வி:

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். 30 நாள், 50,000 சொல், ஒரு நாவல். தினமும் 1,667 சொல் எழுத வேண்டும். நேற்றோடு கெடு முடிந்தது. கையில் இருப்பது 38,240. தோல்விதான், ஆனால் அதைப் பற்றிக் கேட்க வரவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பட்டுவாடா செய்யாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தை முப்பது வருடம் கழித்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இதுதான் கதை. முதல் வாரம் ஜோராகப் போனது. ஒன்பதாம் நாள் மனிதர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள்வரை எழுந்திருக்கவே இல்லை. மேகத்துக்கு மட்டும் 900 சொல் செலவழித்தேன். போதாக்குறைக்கு, 'காத்துக்கொண்டிருந்தார்' என்று சேர்த்தே எழுதிப் பழகியவள், 'காத்துக் கொண்டு இருந்தார்' என்று பிரிக்க ஆரம்பித்தேன். ஒன்று மூன்றாகிறதே! வெட்கக்கேடு, ஆனாலும் செய்தேன்.

17ஆம் நாள் அவருடைய அக்காவை உள்ளே விட்டேன். "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டுவிட்டுப் போக வேண்டியவள். போகவில்லை. அந்தக் கடிதமே அவளுக்கு வந்ததுதான். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அன்று ஒரே உட்காரலில் 3,100 சொல். அதற்குப் பிறகு தம்பி தலைகாட்டியது நாலே இடத்தில்.

இப்போது முதல் 16 நாள் எழுதிய சுமார் 19,000 சொல்லைத் தூக்கிவிட்டு, அக்காவிலிருந்து தொடங்கலாமா? இல்லை, கதையை முடித்துவிட்டு அப்புறம் கை வைக்கலாமா?

பதில் 1:

முடித்துவிடுங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அது தெரியாமல் எந்தப் பக்கம் வேண்டும், எது வேண்டாம் என்று எப்படிச் சொல்வீர்கள்? 'அக்காவை இரண்டாம் அத்தியாயத்திலேயே கொண்டுவா' என்று ஒரு வரி குறித்துக்கொண்டு, அப்படியே செய்துவிட்டதாக எண்ணி மேலே எழுதுங்கள். முடிந்ததும் நாலு வாரம் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். திரையில் படிக்கும்போது மேகமெல்லாம் அழகாகத்தான் தெரியும்.

பதில் 2:

சொல் கணக்கு பற்றி மட்டும். ஒரே மாதத்தில் 50,000 சொல்லில் நாவல் எழுதும் இந்த வழக்கம் (NaNoWriMo என்பார்கள்) 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 21 பேரோடு தொடங்கியது. அடுத்த வருடம் நவம்பருக்கு மாறியது. நடத்திவந்த அமைப்பு, மூடப்போவதாக 2025இல் அறிவித்தும்விட்டது. 50,000 என்பது ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வைத்த இலக்கு. நாம் 'வீட்டிலிருந்துதான்' என்று ஒரே சொல்லில் முடிப்பதற்கு அவர்களுக்கு மூன்று நான்கு சொல் வேண்டும். ஆகவே உங்கள் 38,240 அவர்களுடைய 50,000-ஐத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். பிரித்த 'கொண்டு'களைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுத்த முறை சொல்லை எண்ணாமல் காட்சியை எண்ணுங்கள், நாளுக்கு ஒன்று.

பதில் 3:

நான் இரண்டு முறை இதே கூத்தில் இறங்கினேன். இரண்டு முறையும் இலக்கைத் தொட்டேன். இரண்டும் இன்னமும் அலமாரியில் கிடக்கின்றன, காரணம் 'முடித்துவிட்டு வெட்டலாம்' என்ற இதே அறிவுரைதான். முடித்தபோது எனக்கு அந்தக் கதையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்கா சூடாக இருக்கும்போதே அவளிடமிருந்து தொடங்குங்கள். பழையதை அழிக்க வேண்டாம், வேறு பெயரில் சேமித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. முதல் பதில் எழுதியவர் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நேற்று இரவு அதை மட்டும் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். ஆறு வரிதான் வந்தது. ஆனால் அதில் ஒரு வரி பேருந்து நிறுத்தத்தைப் பற்றியது. அங்கே வந்து காத்திரு என்று அக்காவுக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் தம்பி அந்த நாலு நாளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

19,000-ஐ இப்போதைக்குத் தொடவில்லை. மேகம் மட்டும் போகிறது.