ரிஃப்ளெக்ஸாலஜிக்கு வயது 4,000 ஆண்டா, 100 ஆண்டா?

பாதசாரி:
எகிப்தின் சக்காராவில், கி.மு. 2300 வாக்கில் எழுந்த அங்க்மாஹோர் கல்லறையில் கை கால்களைப் பிடித்துவிடும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பாதத்தின் ஒவ்வோர் இடமும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புடையது என்று கொண்டு அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜியின் தொன்மைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

சான்றெங்கே:
அங்க்மாஹோர் மருத்துவரே இல்லை சார், ஆறாம் வம்சத்து அமைச்சர். அந்தக் காட்சி நகம் திருத்துவதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. காலைப் பிடித்துவிடுவது எந்த ஊரில் இல்லை? ‘இந்த இடம் கல்லீரல், அந்த இடம் சிறுநீரகம்’ என்ற வரைபடம் அந்தச் சுவரில் கிடையாது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் இருந்த காது-மூக்கு-தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட்தான் உடலைத் தலைமுதல் கால்வரை பத்துப் பட்டைகளாகப் பிரித்தார். விரல்களில் ரப்பர் பேண்டும் துணிக் கிளிப்பும் மாட்டி வலியை மரத்துப்போகச் செய்யப் பார்த்தார். நூல் வந்தது 1917-இல். அந்த முறையைப் பாதத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க இயன்முறையாளர் யூனிஸ் இங்கம். அவர் நூல் 1938.

பாதசாரி:
சரி, ‘பண்டைய’ என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். பயனை எப்படி மறுப்பீர்கள்? முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட 385 பெண்களிடம் நடந்து, 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூச்சுத்திணறல் குறைந்தது, உடல் இயக்கம் மேம்பட்டது.

சான்றெங்கே:
அதே ஆய்வில் வலி, குமட்டல், பதற்றம், மனச்சோர்வு எதிலும் வேறுபாடு தெரியவில்லை. 2009-இல் மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 18 சோதனைகளை அலசினார். எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தக்க சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. வரைபடத்தையே சோதித்த 2000-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியம். நோய் விவரம் தெரியாமல் 18 பேரின் பாதங்களைப் பார்த்த இரண்டு சிகிச்சையாளர்களால் யாருக்கு என்ன நோய் என்று பிரிக்க முடியவில்லை. ஒருவர் சொன்னது மற்றவருடன் ஒத்தும் போகவில்லை.

இயன்முறை:
‘உள்ளங்காலில் நெறுநெறுவென்று தட்டுவது யூரிக் அமில உப்பு, நசுக்கினால் கரையும்’ என்பதும் தவறு. அந்த உப்பு சேர்வது மூட்டில். அழற்சியில் இருக்கும் மூட்டை நசுக்கினால் வலிதான் ஏறும்.

இதமான ஓய்வுக்குச் செய்வதென்றால்: உங்கள் கைப் பெருவிரலின் முதல் கணுவை மடக்கி நீட்டி, புழு ஊர்வதுபோல் குதிகாலிலிருந்து விரல்நோக்கி நகருங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் விரல் வழுக்கி, அழுத்தம் வெறும் தடவலாகிவிடும். ஒரு பாதத்துக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். முகம் சுளித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். வலித்தால்தான் வேலை செய்யும் என்பது பொய்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது, தோல் கிழிந்தாலும் தெரியாது. புண், எலும்பு முறிவு இருந்தாலும் வேண்டாம்.

பாதசாரி:
இதில் எனக்கு மறுப்பில்லை. வரைபடத்தை வைத்து நோய் சொல்வதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் எந்த இடமும் விடுபடாமல் வரிசையாக அழுத்த அது உதவுகிறதே?

சான்றெங்கே:
வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்வளைவை அழுத்திக்கொண்டே ‘இது கணையம், சர்க்கரை இறங்கும்’ என்று சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து.