காற்றுச் சுரங்கப் பயிற்சி: அனுபவசாலிகள் வழிகாட்டுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், விடுமுறையில் தாய்லாந்து சென்று ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிப்பது) கற்று வருகிறேன். சென்ற குதிப்பில் பயிற்சியாளர்கள் என்னைப் பிடித்திருந்த பிடியை விட்ட மறுநொடியே உடல் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கிவிட்டது. வீடியோவில் காரணம் தெரிந்தது: ஒரு கால் நீண்டிருக்க, மறுகால் மடங்கிக் கிடந்தது. அந்தப் பதற்றம் இன்னும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

13,000 அடியிலிருந்து குதித்தாலும் பாராசூட் விரியும்வரை ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் எதைத் திருத்துவது? அதனால் செந்தோசாவின் ஐஃப்ளை காற்றுச் சுரங்கத்தில் (கீழிருந்து வீசும் பலத்த காற்றில் மிதந்து பழகும் கூடம்) 10 நிமிடங்கள் பறக்க நினைக்கிறேன். அதை ஒரே நாளில் முடிப்பதா, இரண்டு நாளாகப் பிரிப்பதா? கால்களைச் சமமாக வைக்க எந்தப் பயிற்சி உங்களுக்குக் கைகொடுத்தது? முக்கியமாக, சுரங்கத்தில் பழகியது வானத்திலும் நின்றதா? தயவுசெய்து சொல்லுங்கள்.