மறு: 'எஞ்சின் ஸ்வாப்' – 'பொறிமாற்றம்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நேற்று இரவு உட்கார்ந்து எல்லா மடலையும் ஒரே மூச்சில் படித்தேன். பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்: ஒரு காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு வகை எஞ்சினைப் பொருத்தும் 'எஞ்சின் ஸ்வாப்'புக்குத் தமிழ். நாம் கொடுத்திருப்பது பதினொன்று.

> 'பொறிமாற்றம்' என்றே வைத்துவிடலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

எளிதுதான். ஆனால் 'பொறி' என்றதும் தீப்பொறியா, எலிப்பொறியா என்று ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் பற்றிய பத்தியில் இது வந்தால் கேட்கவே வேண்டாம். எஞ்சினை எஞ்சினாகவே விடுவோம் என்பது என் கட்சி. பட்டறையில் வேறு பெயரே கிடையாது.

பெரிய சிக்கல் 'மாற்றம்'. 1965 ஜாகுவார் ஈ-டைப் ஒன்றில் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டு, அதே 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இன்னொன்றைத் தேடிப் பிடித்துப் போட்டாலும் எஞ்சின் மாற்றம்தான். அதற்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். (இதற்கு 'எண்பொருத்தம்' என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அருமை. வாங்குபவர் உண்மையிலேயே ஜாதகம் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறார்.) அதே காரில் அமெரிக்க செவர்லேயின் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) ஏறினால்தான் சண்டை. நமக்கு வேண்டியது அந்தச் சண்டைக்குரிய சொல்.

> பண்டமாற்று மாதிரி 'எஞ்சின்மாற்று'?

பண்டமாற்றில் இரண்டு பக்கமும் கை மாற வேண்டும். இங்கே எதுவும் கை மாறவில்லை. புது எஞ்சின் வந்து உட்காருகிறது. பழையது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஷெட் மூலையில் கிடக்கிறது. ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் கொஞ்சம் பொய்தான். அந்தப் பொய்யை நாம் ஏன் தமிழுக்கும் கொண்டுவர வேண்டும்?

என் பரிந்துரை 'ஒட்டு எஞ்சின்'. ஒட்டு மாங்கன்றில் வரும் அதே ஒட்டு. வினை வேண்டுமா, 'ஒட்டுக்கட்டுதல்' தோட்டக்கலையில் தயாராக இருக்கிறது. எஞ்சினைக் கொடுத்த வண்டிக்குப் பெயர் வேண்டுமா, ஒட்டுக்கிளை எடுக்கும் மரத்தைத் தாய்மரம் என்கிறோம், இது 'தாய்வண்டி'. ஒரு சொல்லை எடுத்தால் அதன் உறவுக்காரச் சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன.

> ஒட்டு என்றால் ஒட்டுப்போட்ட சட்டை. இழிவாக ஒலிக்காதா?

நர்சரியில் போய் ஒட்டுக்கன்று விலையையும் கொட்டைக்கன்று விலையையும் கேட்டுப் பாருங்கள்!

அது மட்டுமல்ல, இந்தக் கார்களில் ஒட்டு ஒன்றும் புதுக் குற்றம் அல்ல. இங்கிலாந்தின் ஏசி ஏஸ் காரில் பிரிஸ்டல் என்ற இன்னொரு கம்பெனியின் எஞ்சின் வந்தது. அந்த பிரிஸ்டலின் பூர்விகம் போருக்கு முந்தைய ஜெர்மன் பிஎம்டபிள்யூ 328. பிரிஸ்டல் அந்த எஞ்சினை நிறுத்தியபோது டெக்சஸ்காரர் கரோல் ஷெல்பி வந்து, 1962இல் அதே காரில் ஃபோர்டு வி8 ஏற்றினார். அதுதான் கோப்ரா. அதை ஒட்டு என்று யாராவது முகம் சுளிக்கிறார்களா? இன்றைக்கு ஏலத்தில் அதன் பக்கமே போக முடியாது.

1964இல் வந்த சன்பீம் டைகர் இன்னும் ருசியான கதை. 1.6 லிட்டர் எஞ்சின் ஓடிய ஆல்பைன் கார் உடலில் 4,261 சிசி ஃபோர்டு வி8. இடம் போதாமல், வண்ணம் பூசி முடித்த உடலின் எஞ்சின் அறைப் பின்சுவரைச் சம்மட்டியால் தட்டி உள்ளே தள்ளித்தான் எஞ்சினை இறக்கினார்கள். கடைசி ஸ்பார்க் பிளக் ஒன்றுக்கு மேலிருந்து கை போகாது. அதற்காக அந்தச் சுவரில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு ரப்பர் மூடி. காருக்குள் உட்கார்ந்து மூடியைப் பிடுங்கி ஸ்பானரை நுழைத்து பிளக்கைக் கழற்ற வேண்டும். இவ்வளவும் கம்பெனியே செய்தது! எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி காரில் நடந்தது இதற்கு நேர்மாறு. கென் காஸ்டெல்லோ என்பவர் தன் பட்டறையில் ரோவர் வி8 ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார். கம்பெனி 1973இல்தான் தன் வி8 மாடலைக் கொண்டுவந்தது. அந்த ரோவர் எஞ்சினும் அமெரிக்க பியூக்கிடமிருந்து வாங்கிய வடிவமைப்பு.

சரி, அப்படியானால் போர்ஷே 911இல் செவர்லேயின் எல்எஸ் வி8 ஏற்றினால் மட்டும் ஏன் இவ்வளவு கொந்தளிப்பு? எஞ்சின் அமெரிக்க எஞ்சின் என்பதற்காக என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுமினிய பிளாக், எடை பெரிதாக ஏறாது என்கிறார்கள் ஏற்றுபவர்கள். இருக்கட்டும். ஆனால் பழைய 911 காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கார், அதில் ரேடியேட்டரே கிடையாது. வி8 வந்தால் ரேடியேட்டர் வேண்டும், அதை முன்னால் வைக்க இடம் வேண்டும், பின்னாலிருக்கும் எஞ்சினிலிருந்து முன்வரை தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும். அங்கேதான் பல வண்டிகளில் தகடு அறுபடுகிறது. அறுத்த தகடு திரும்ப வராது. என் வயிறும் அங்கேதான் எரிகிறது.

சட்டத்தின் கணக்கும் வேடிக்கை. பிரிட்டனில் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க நெடுங்காலம் ஒரு புள்ளிக்கணக்கு இருந்தது. குறைந்தது 8 புள்ளி வேண்டும். சேசிஸ் அல்லது உடலுக்கு 5, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. எஞ்சினைத்தான் காரின் இதயம் என்று நாம் இங்கே ஐம்பது மடல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்துக்கும் உடல்தான் பெரிது. ஆகவே தகட்டை அறுத்து ஏற்றியதற்கும் அறுக்காமல் ஏற்றியதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஜாகுவார் 2017இல் காட்டிய மின்சார ஈ-டைப்பில், பழைய எஞ்சின் இருந்த இடத்தில் அதே அளவில் பேட்டரி, கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டலாம். ஆஸ்டன் மார்ட்டினும் 2018இல் டிபி6 ஒன்றில் பழைய எஞ்சின் தாங்கிகளிலேயே மின்சாரத் தொகுதியை உட்காரவைத்தது. உலகப் பழங்கார்க் கூட்டமைப்பான ஃபிவா இதையும் ஏற்கவில்லை. செய்துதான் தீருவேன் என்பவர்களிடம், கழற்றிய உறுப்புகளைக் குறித்துப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்கிறது. சுவரை இடிக்காமல் குடியிருந்துவிட்டுக் காலி செய்துபோகும் வாடகைக்காரர் மாதிரி இது. 'குடி எஞ்சின்' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துவிட்டு, "பெட்ரோல் குடிக்கிற எஞ்சினா?" என்று கேட்டார்கள். மின்சாரக் காருக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் இருக்க முடியாது. 'குடியமர் எஞ்சின்' என்றால் அந்தக் குழப்பம் தீருகிறது, ஆனால் நாக்கில் ஒட்டவில்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.

நண்பரின் கட்டுரையில் வரும் அந்த 911 பற்றிய வரியை இப்படி எழுதலாம்: "இதில் இருப்பது ஒட்டு எஞ்சின். தாய்வண்டி, விபத்தில் நசுங்கிய ஒரு செவர்லே கொர்வெட்." வாசித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். இலங்கை நண்பர்களே, உங்கள் பக்கப் பட்டறைகளில் எஞ்சின் கழற்றிய வண்டிக்கு வேறு பெயர் புழங்கினால் அதையும் சொல்லுங்கள். 'தாய்வண்டி'யைவிட நன்றாக இருந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அன்புடன்.