மூன்று சோலார் கொட்டேஷன், மூன்று கணக்கு: உதவி தேவை

வணக்கம். 5 கிலோவாட் கூரை சோலாருக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கு. ஒன்றில் 540 வாட் பேனல் 10, அதாவது 5.4 கிலோவாட். இரண்டாவதில் 9தான், 4.86, தலைப்பில் அதுவும் '5 கிலோவாட்'! வாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் மலிவானது மலிவாக இல்லை. மூன்றாவதில் இன்வெர்ட்டர் மாடலும் இல்லை, டிசி கேபிள் 4 ஸ்கொயரா 6 ஸ்கொயரா (கம்பியின் பருமன், சதுர மி.மீ.) என்றும் இல்லை. எர்த்திங் 'உட்பட' என்கிறார்கள், எத்தனை குழி?

முக்கியச் சந்தேகம் நிழல். 3 மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் இரண்டு பேனல் மேல் விழும். அவற்றை மட்டும் தனி எம்பிபிடியில் (பேனல்களிலிருந்து அதிகபட்ச மின்சாரம் எடுக்கும் இன்வெர்ட்டர் உள்ளீடு) போட்டால் சுமார் 80 வோல்ட்தான் வரும். பல ஸ்ட்ரிங் இன்வெர்ட்டருக்கு (பேனல்களை வரிசையாகக் கோர்த்து இணைக்கும் வகை) அது போதாது. அந்த இரண்டுக்கு மட்டும் ஆப்டிமைசர் (ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகக் கவனிக்கும் சிறு கருவி) போடலாமா, ஸ்டாண்டை உயர்த்துவதா? உயர்த்தினால் காற்றுக்கு எந்த கேஜ் (தடிமன்) பைப் கேட்கணும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.