மின்தடை கண்காணிப்பு: எந்த எச்சரிக்கை முதலில் வர வேண்டும்?

கேள்வி: டெல்டா_ஏஇ

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் மின் பகிர்மானத்தில் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) இருக்கிறேன். எங்கள் கோட்டத்துக்கு மின்தடை கண்காணிப்பு அமைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

இப்போது கையில் இருப்பவை: துணைமின் நிலையங்களில் அங்கிருந்து கிளம்பும் எல்லா 11 கேவி லைன்களுக்கும் (ஃபீடர்) மோடம் வைத்த மீட்டர். டவுன் பக்கத்து துணைமின் நிலையங்களில் மட்டும் ப்ரேக்கர் (ஃபீடரைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது ஸ்கேடா என்ற தொலைக் கண்காணிப்புத் திரைக்கு வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர்களில் (டிடி) 100 கேவிஏவுக்கு மேற்பட்ட சிலவற்றில் மட்டும் மோடம் உண்டு. மூன்று பேஸ் வோல்டேஜும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு வந்துவிடும்.

மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்கள் எது நடந்தாலும் எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரிக்கு வருகிற செய்திகளைப் பார்த்துவிட்டு ஃபீல்டில் இருப்பவர்கள் போனையே திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதற்கு எச்சரிக்கை வர வேண்டும், யாருக்கு வர வேண்டும், நுகர்வோருக்கு எப்போது செய்தி அனுப்புவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கட்டுப்பாட்டு_அறை

தம்பி, சென்னையில் பகிர்மானக் கட்டுப்பாட்டு மையத்தில் ஷிப்ட் பார்த்தவள் நான். கரண்ட் போனதைக் கண்டுபிடிப்பது இரண்டாம் வேலை. அறுந்து விழுந்த கம்பியில் கரண்ட் நிற்பதைத்தான் உங்கள் சிஸ்டம் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் ஊர் வயல்காடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஃபீடர் டிரிப் ஆனால், அதாவது ப்ரேக்கர் தானாகத் திறந்தால், துணைமின் நிலையத்தில் ஆபரேட்டருக்கு அப்போதே தெரியும், எஸ்எம்எஸ் தேவையே இல்லை. டிரிப் ஆகாமல் இருப்பதுதான் ஆபத்து. கம்பி காய்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் மண்ணுக்குள் பாயும் கரண்ட் (எர்த் ஃபால்ட்), ப்ரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேயில் வைத்த அளவை எட்டாமலே போகலாம். அதைவிட மோசமான ஒன்று உண்டு. அறுந்த கம்பியின் துணைமின் நிலையப் பக்கத்து முனை கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும், லோடு பக்கத்து முனை மட்டும் கீழே கிடக்கும். மீதி இரண்டு பேஸிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் வழியாகத் திரும்பி வருகிற மின்சாரம் அந்த முனையில் நிற்கும். அந்தக் கரண்ட் சின்னது, ரிலேக்குத் தெரியாது. ஆளைக் கொல்ல அது போதும்.

இதைப் பிடிக்க உங்களிடம் இருக்கிற மீட்டரே போதும். நம் டிடிகள் ஹெச்டி (11 கேவி) பக்கம் டெல்டா இணைப்பு, எல்டி (வீடுகளுக்குப் போகும்) பக்கம் ஸ்டார் இணைப்பு. ஹெச்டியில் ஒரு பேஸ் போனால் எல்டியில் ஒரு பேஸ் முழு வோல்டேஜில் இருக்கும், மற்ற இரண்டும் ஏறக்குறைய பாதிக்கு, 120 வோல்ட் பக்கத்துக்கு, இறங்கிவிடும். ஒரே ஒரு டிடி இப்படிக் காட்டினால் பெரும்பாலும் அங்கே ஹெச்ஜி ஃப்யூஸ் (டிடியின் 11 கேவி பக்கத்து ஃப்யூஸ்) போயிருக்கும். லைன்மேன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு இடத்தைத் தாண்டி வரிசையாக எல்லா டிடிகளும் இப்படிக் காட்டுகின்றன, ப்ரேக்கரோ மூடியே இருக்கிறது என்றால் மேலே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது ஜம்பர் (கம்பத்தில் இரு கம்பிகளை இணைக்கும் துண்டு) விட்டிருக்கிறது. எதுவென்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது. கம்பி விழுந்ததாகவே எடுத்துக்கொண்டு ஃபீடரை உடனே ஆஃப் செய்ய வேண்டும், லைனை நடந்து பார்க்காமல் டெஸ்ட் சார்ஜ் (சோதித்துப் பார்க்க மின்சாரம்) கொடுக்கக் கூடாது. இந்த எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸாக வரக் கூடாது. ஷிப்ட் ஆபரேட்டருக்கும் பிரிவு ஏ.இ.க்கும் போன் அழைப்பாகவே போக வேண்டும், ஒருவர் எடுத்துப் பேசும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதே அளவு அவசரம் எல்டி நியூட்ரல் அறுவது. ஒரு பேஸ் 270 வோல்ட்டைத் தாண்டி ஏறும், இன்னொன்று சரியும். வீடுகளில் டிவி, ஃபிரிட்ஜ் எரியும். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற சிஸ்டத்தில் இந்த இரண்டுமே தெரியாது. மென்பொருள்காரர்களிடம் பேஸ்வாரியாக மூன்று வோல்டேஜையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பதிவு (லோடு ப்ரொஃபைல்) பிறகு அலசிப் பார்க்க மட்டுமே உதவும். வோல்டேஜ் குறைந்த நிகழ்வை மீட்டர் அந்த நொடியே தானாக அனுப்ப வேண்டும். மோடத்துக்கு பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ இல்லாவிட்டால் கடைசிச் செய்தியை அனுப்புவதற்குள் அது அணைந்துவிடும்.

பதில்: எஸ்எம்எஸ்_சர்வர்

மேடம் சொன்னதோடு மென்பொருள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். வேறு மாநிலத்து மின் நிறுவனம் ஒன்றுக்கு இதே வேலை பார்க்கிறேன்.

மோடத்திலிருந்து செய்தி வரவில்லை என்பதை மின்தடை என்று எழுதவே எழுதாதீர்கள். சிம் ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், டவர் விழுந்திருக்கலாம். 'மின்சாரம் இல்லை என்று சொன்னது', 'பேசவே இல்லை' இரண்டும் திரையில் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகும் இது மாறாது. ஒரு மீட்டர் இன்னொன்றின் வழியாகச் செய்தி அனுப்பும் ரேடியோ மெஷ் வகையில் வழியில் உள்ள மீட்டர்களும் சேர்ந்தே அணைவதால் கடைசிச் செய்திகளில் பல வந்து சேராது. அதனால் ஒரு டிடிக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டர் ஒரே நேரத்தில் சொன்னாலே டிடி போனதாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு) உறுதிப்படுத்துகிறோம்.

ஒரு சம்பவத்துக்கு ஒரே எச்சரிக்கை. ஃபீடர் போனால் அதன் கீழே உள்ள டிடி செய்திகளை எல்லாம் அந்த ஒன்றுக்குள் சேர்த்துவிடுங்கள். இதற்கு எந்த டிடி எந்த ஃபீடரில் என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். லைனை நடுவில் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சை மாற்றி பக்கத்து ஃபீடரிலிருந்து லோடு எடுத்த அன்றைக்கே பட்டியல் பொய்யாகிவிடும். ஆபரேட்டர் லாக் புத்தகத்தில் எழுதும் அதே நேரத்தில் திரையிலும் மாற்ற ஒரு பொத்தான் வையுங்கள்.

நுகர்வோருக்கு: டிரிப் ஆகிச் சில நிமிடத்தில் திரும்புவதற்கெல்லாம் செய்தி வேண்டாம். மின் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் 1366 தரநிலை 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நீடித்த தடை என்று கணக்கில் வைக்கிறது. நாங்களும் அந்த 5 நிமிடம் பொறுத்துத்தான் அனுப்புகிறோம். ஆனால் அனுப்பாமல் விடக் கூடாது. 2020இல் வந்த மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில், எதிர்பாராத தடை என்றால் எப்போது திரும்பும் என்ற உத்தேச நேரத்தோடு உடனே தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மாதாந்திர பராமரிப்பு ஷட்டவுனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அந்த ஃபீடரின் தடை எச்சரிக்கைகளை நிறுத்தி வையுங்கள். விவசாய ஃபீடர்களில் ஷிப்ட் முறையில் மும்முனை கொடுக்கும் அட்டவணையையும் சிஸ்டத்துக்குக் கொடுங்கள், இல்லையென்றால் தினமும் பொய் எச்சரிக்கைதான்.

பதில்: லைன்_இன்ஸ்பெக்டர்

ஏ.இ. சார், நான் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து வந்தவன். ஒரு வார்த்தை மட்டும். திரையில் 'ஃபீடர் டெட்' என்று காட்டுவதை நம்பி ஒரு வயர்மேனும் கம்பியில் கை வைக்கக் கூடாது. நம் லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டால் டிடி வழியாக ஏறி 11 கேவி லைனுக்கே கரண்ட் வந்துவிடும். லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்க வேண்டும், ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும், டெஸ்ட் செய்து, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட வேண்டும். உங்கள் ஆப்பில் அந்தத் திரையின் மேலேயே இதைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள் சார். புதிதாகச் சேர்கிற பையன்கள் போனைப் பார்த்து வேலை செய்யப் பழகிவிட்டார்கள், எனக்கு அதுதான் பயம்.

கஜா புயல் சமயம், 2018 நவம்பரில், உங்கள் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறேன். அப்போது டவரும் இல்லை, ரோடும் இல்லை. அந்த மாதிரி நாளில் இந்த சிஸ்டம் பேசாது. பிரிவு வாரியாக ஃபீடர் வரைபடத்தைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து வருகிற ஆட்கள் கையில் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

டெல்டா_ஏஇ

மூவருக்கும் மிக்க நன்றி. மேடம், ஒரு சந்தேகம். இன்னும் கொஞ்சம் மோடம் வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது, எல்லா டிடிக்கும் வராது. பெரிய டிடிகளுக்கே முதலில் போட வேண்டும் என்பது மேலே உள்ளவர்களின் எண்ணம். அது சரிதானா?

பதில்: கட்டுப்பாட்டு_அறை

மின் கணக்கு எடுப்பதற்கு அது சரி தம்பி, இந்த வேலைக்குச் சரி வராது. பெரிய டிடிகள் பெரும்பாலும் டவுனில், துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே கரண்ட் போனால் அடுத்த நிமிடமே பத்துப் பேர் போன் செய்வார்கள். நீங்கள் ஃபீடரின் கடைசி டிடிக்குப் போடுங்கள், அது வெறும் 25 கேவிஏவாக இருந்தாலும் சரி. அப்புறம் ஒவ்வொரு ஏ.பி. சுவிட்சுக்கும் கிளை லைனுக்கும் அடுத்து ஒரு டிடி. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒன்று இருந்தால் எந்த இரண்டு சுவிட்சுக்கு நடுவில் கம்பி விட்டது என்று திரையிலேயே தெரிந்துவிடும், ராத்திரியில் முழு லைனையும் நடக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்பு, மூங்கில் புதர் வழியாக லைன் போகும் இடம் எதுவென்று உங்கள் லைன்மேன்களைக் கேளுங்கள். அதற்கு அடுத்த டிடிக்கு முதல் மோடம். அங்கே சிக்னல் கிடைக்காவிட்டால், பெரிய டிடி பக்கம் திரும்பி வராமல், லைனில் அதற்கும் அடுத்த டிடிக்குத் தள்ளிப் போடுங்கள்.