புதுப்பிப்பு: கழிவு ஆயில் பீப்பாய்க்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

படகு எஞ்சின்களின் பழைய ஆயிலைச் சேகரிக்கத் துறைமுகக் கரையில் பொதுப் பீப்பாய் வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பீப்பாய் நிறைந்தும் மறுசுழற்சிக்கு எடுக்க ஏன் மறுக்கிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தண்ணீர் கலந்ததுதான் காரணம்.

வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த 200 லிட்டர் பீப்பாயின் மேல்தட்டில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த நீரை உள்ளே இழுத்துவிடும். ஆகவே மூடியை இறுக்குவது மட்டும் போதாது, கூரை கட்டாயம் வேண்டும். சந்தேகமிருந்தால் பீப்பாயின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஒருநாள் வையுங்கள். நீர் இருந்தால் பெரும்பாலும் கீழே பிரிந்து நிற்கும். பீப்பாயின் கீழே 220 லிட்டராவது கொள்ளும் தொட்டி இருக்கட்டும், கசிந்தாலும் கடலுக்குப் போகாது.

படகின் அடியில் தேங்கும் எண்ணெய் நீரை இந்தக் கழிவு ஆயில் பீப்பாயில் ஊற்றவே கூடாது. அதற்குத் தனிப் பீப்பாய். தயவுசெய்து அந்த நீரில் சோப்பும் போடாதீர்கள். படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் போகாது. நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிடும். பிறகு உறிஞ்சும் பஞ்சுத் தாளாலும் பிடிக்க முடியாது.

ஆயில் ஃபில்டரைச் சூடாக இருக்கும்போதே துளையிட்டு, 12 மணி நேரம் கவிழ்த்து வடியவிட்டு மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.