‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆகும்? நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். எழுதிக்கொண்டிருக்கும் நாவல் பாதியில் நிற்கிறது, கைகொடுங்கள்.

களம் 1865 லண்டன். கடனில் மூழ்கிய பிரபு ஒருவர், மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளியின் மகள் ஒருத்தி. அவருக்குப் பணம் வேண்டும், அவளுக்குச் ‘சீமாட்டி’ என்ற பட்டம். அதற்காகவே இருவருக்கும் கல்யாணம். அவர் உச்சிவெயிலுக்கு முன் கண் விழிக்காதவர். அவளோ விடியும் முன்பே கணக்கு நோட்டை முடித்துவிட்டு, விரலில் படிந்த மையைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு வருபவள். (சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் அன்று பகல் 12 மணிக்குள் திருமணம் முடிந்தாக வேண்டும். மாப்பிள்ளை பாடு திண்டாட்டம்தான்!)

1870-க்கு முன் மனைவியின் ரொக்கமும் சம்பாத்தியமும் கணவனுக்கே போய்விடும். அதனால் வசதியான அப்பாக்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி, மகளின் பணத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைப்பார்கள். அந்தப் பேரத்தை ஒரு காட்சியாக எழுதினேன். கிரயப் பத்திரம் மாதிரி வந்திருக்கிறது. சட்டம் படித்தவர்கள் யாராவது இரண்டு பக்கம் பார்த்துச் சொல்ல முடியுமா? அந்தப் பணத்தைச் ‘சீதனம்’ என்று எழுதலாமா, வரதட்சணை என்று நினைத்துவிடுவார்களா?

அப்புறம், தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல் போதும். தமிழில் அவர் ‘நீ’, அவள் ‘நீங்கள்’ என்றால் ஒப்பந்தக் கல்யாணத்தின் விறைப்பே போய்விடுகிறது. இருவருமே ‘நீங்கள்’ என்று தொடங்கியிருக்கிறேன். ‘நீ’ எங்கே வரவேண்டும், முதலில் யார் வாயிலிருந்து? அவர் காய்ச்சலில் கிடக்கையில் அவள் “மருந்தைக் குடி” என்று வாய்தவறிச் சொல்வதாக எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தப்பா?